வீடு இல்லாத இடத்தில் ஒரு நட்சத்திரம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து எழுதியது போலத்தான் அது எப்போதும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இந்த வயதிலும் சந்தேகம்தான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய போன் ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கிறது. அதன் மேல் மூலையில் கண்ணாடி விரிந்திருக்கும். உள்ளே சிம் கிடையாது. அதற்கு யாரும் கூப்பிட முடியாது, அதிலிருந்தும் யாரையும் கூப்பிட முடியாது. கடையில் இருக்கும்போது வைஃபையில் இறக்கி வைத்த மேப் மட்டும் இருக்கிறது. அதைத் திறந்தால் ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி முனை வரைக்கும், வடக்கே ஆர்.எஸ்.மங்கலம் தாண்டியும் மஞ்சள் நட்சத்திரங்களாகக் கிடக்கும். ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சாவு வீடு. நான் ஐஸ் பெட்டி கொண்டுபோய் இறக்கிய வீடுகள் அவை. ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் வீட்டின் மேல் இல்லை. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து மெயின் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்தின் மேல் இருக்கிறது. போன வாரம் முதலாளியம்மா போனைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துவிட்டார். "ஏலே, இங்கன ரோட்டு மேல யாருலே செத்தா?" என்று கேட்டார். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. எதுவுமே எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலாளியம்மாவின் கடை பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடை. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை இறந்தவரைக் கிடத்தி வைக்கும் கண்ணாடி மூடி போட்ட பெட்டியைத்தான் ஐஸ் பெட்டி என்கிறோம். குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய், வீட்டில் இறக்கி, பிளக்கைச் செருகி, குளிர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். மறுநாள் போய் எடுத்து வர வேண்டும். சாவு வீட்டில் டிரைவரிடம் யாரும் பேச மாட்டார்கள், டிரைவரும் பேச வேண்டியதில்லை. எனக்கு இந்த வேலை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். கஷ்டம் முழுவதும் வீட்டைக் கண்டுபிடிப்பதில் இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு நம்பர் இருந்தாலும் அது யாருக்கும் தெரியாது. யாரையாவது கேட்டுத்தான் போக வேண்டும். கேட்பதற்கு முன் நான் இரண்டு தடவை ஊரைச் சுற்றி வருவேன். பந்தல் கண்ணில் படுகிறதா, பறைச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். முதலாளியம்மா தலையில் அடித்துக்கொள்வார். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? அங்கன வெயில்ல பொணம் கெடக்கு, நீ ஊரச் சுத்துற."

அந்தக் காலத்தில் ஒரு சித்திரை மாதம், காலை பத்து மணி இருக்கும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் நெல் விளைகிற ஒரு ஊருக்குப் பெட்டி கொண்டுபோனேன். இறந்தவர் பெயர் காலண்டர் தாளில் எழுதி என் சட்டைப் பையில் இருந்தது. மெயின் ரோட்டில் பஸ் நிறுத்தம், அதன் எதிரே ஒரு டீக்கடை. டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கூட்டத்தில் போய்க் கேட்கக் கூச்சம். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் தனியாக நின்றார். என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு பை, கையில் சாத்துக்குடி போட்ட கேரி பேக். தனியாக நிற்கிறவரைக் கேட்பது எனக்குச் சுலபம். வண்டியை அவர் பக்கம் ஒதுக்கி, பெயரைச் சொல்லி, "அவரு இறந்துட்டாருல்ல, அந்த வீடு எங்கனண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். டீக்கடையில் சத்தம் நின்றுபோனது. பிறகு யோசித்தபோது, அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே அந்தச் சத்தம் நின்றுவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இறந்தவரின் மூத்த மகன் அவர். திருப்பூரில் வேலை. எங்கள் பக்கத்தில் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சாவை நேராகச் சொல்வதில்லை. வழியில் என்ன ஆவானோ என்ற பயத்தில், "அய்யாவுக்கு முடியல, கெளம்பி வா" என்று மட்டும் சொல்வார்கள். வந்து சேர்ந்ததும் சொந்தக்காரர் யாராவது தோளில் கை போட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகிற வழியில் சொல்வார்கள். அவருக்கு அப்படிச் சொல்ல ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. அதற்குள் நான் வழி கேட்டுவிட்டேன்.

டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "ஏலே, கூறுகெட்டவனே, ஆளப் பாத்துக் கேக்க மாட்டியா? இத்தன பேரு இங்கன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோமே" என்று என்னை ஏசினார். பஸ்ஸில் வந்த அந்த மூத்த மகன் அவரைக் கையால் அமர்த்திவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து என் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கேரி பேக்கை மடியில் வைத்துக்கொண்டார். "போங்க, நான் வழி சொல்றேன்" என்றார்.

அந்த ஒன்றரைக் கிலோமீட்டரும் அவர் வழி மட்டும்தான் சொன்னார். "இங்கன சோத்தாங்கைப் பக்கம்." "அந்த மடையத் தாண்டி எறங்குங்க. இப்ப கண்மா காஞ்சுதான் கெடக்கு, வண்டி போகும்." "பள்ளிக்கூடத்துகிட்ட வேகத்தட இருக்கு. மெதுவா. பொட்டி அடிபட்டுறாம." அவருடைய அய்யாவைக் கிடத்தப்போகிற பெட்டி அது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் கேட்டுவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வீட்டு வாசலில் பெண்கள் அவரைப் பார்த்ததும் எழுந்த சத்தத்தில் நான் வண்டியை விட்டு இறங்கினேன். பெட்டியின் ஒரு மூலையை அவர்தான் பிடித்தார். மறுநாள் எடுக்கப் போனபோது மொட்டைத் தலையோடு இருந்தார். சாத்துக்குடிப் பையை என்னிடம் கொடுத்து, "பிள்ளைகளுக்குக் குடுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராமல் அது வண்டியிலேயே கிடந்து வதங்கியது.

நடந்ததை முதலாளியம்மா வேறு யார் மூலமாகவோ கேள்விப்பட்டார். ஏசவில்லை. ஒரு வாரம் கழித்துத் தன் பழைய போனைக் கொண்டுவந்து வண்டியில் கட்டினார். சாவு வீட்டிலிருந்து அவர் போனுக்கு இடம் அனுப்பச் சொல்வார். கடையை விட்டு நான் கிளம்புவதற்கு முன் அதை இந்தப் போனுக்கு மாற்றிவிடுவார். அதன் பிறகு சிக்னல் தேவையில்லை. உப்பளத்துக்குள் போனாலும், தனுஷ்கோடி மணலில் நின்றாலும் நீலப் புள்ளி நான் இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டும். தனுஷ்கோடியில் சிம் உள்ள போன்களுக்கு அக்கரை நாட்டின் வரவேற்புச் செய்தி வரும். என் போனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அதிலிருந்து ஒரு பெண், "இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்" என்று புத்தகத் தமிழில் சொல்வாள். இறக்கிய வீட்டில் நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் பெட்டி எடுக்கப் போகவும் தேட வேண்டியதில்லை. "ஒங்கூட இம்புட்டு நேரம் பேசுற பொம்பள இவ ஒருத்திதாம்லே" என்று முதலாளியம்மா சிரித்தார். கேலியாக இருந்தாலும் உண்மைதான். அதற்குப் பிறகு பல வருடம் நான் யாரையும் வழி கேட்கவில்லை. தங்கச்சிமடத்துச் சந்துகளிலும் கேட்கவில்லை. இன்னொரு பழக்கமும் வந்தது. தார்ப்பாய் போட்டு மூடாமல் நான் பெட்டியை ஏற்றுவதில்லை.

அந்த ஊருக்கு மட்டும் பிறகு போகவே நேரவில்லை. நேராமல் இருந்ததில் எனக்கு நிம்மதி. ஆனாலும் டீக்கடை முன்னால் யாராவது பையோடு தனியாக நிற்பதைப் பார்த்தால் போதும், அவருடைய கண் என்னைத் தாண்டிப் பெட்டிக்குப் போனது நினைவுக்கு வரும்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு காலை. இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. முதலாளியம்மா போனில் இடத்தைப் போட்டுக் கொடுத்து, "வயசான அம்மா. மகன்தான் பேசுனாரு. சீக்கிரம் போ" என்றார். தேவிபட்டினம் தாண்டிய பிறகுதான் ஊரைக் கவனித்தேன். அதே ஊர். இன்னொன்றும் கவனித்தேன். சேர வேண்டிய இடம் ஊருக்குள் இல்லை, மெயின் ரோட்டின் மேல் இருந்தது. இடத்தைத் தப்பாக அனுப்பிவிட்டார்கள், இன்றைக்கு யாரையாவது கேட்டே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அதே நிறுத்தத்தில், அதே டீக்கடைக்கு எதிரே, "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றாள் அந்தப் பெண்.

நிறுத்தத்தில் அந்த மூத்த மகன் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. துண்டு மட்டும் போட்டிருந்தார், செருப்பில்லை. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். ஜன்னல் பக்கம் வந்து, "நீங்கதான் வருவீகளோன்னு நெனச்சேன்" என்றார்.

"இடம் இங்கனதான் காட்டுது" என்றேன்.

"நான் இங்கன நின்னுதான் அனுப்புனேன். தங்கச்சி கோயம்புத்தூர்ல இருந்து வாரா. ஆத்தாவுக்கு முடியலன்னு மட்டுந்தான் சொல்லிருக்கோம். இப்ப வர்ற பஸ்ஸுதான். வீட்டுல மத்தவுகள அனுப்புறேன்னாக. நான்தான் வாரேன்னு வந்துட்டேன்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அவரிடம் நான் கேட்டது போல அவளிடம் யாரும் வழி கேட்டுவிடக் கூடாது. பின்னால் போய்ப் பெட்டியைப் பார்த்தார். தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் தூக்கியிருந்தது. அதை இழுத்துக் கயிற்றுக்குள் செருகினார். திரும்பி வந்து, "நீங்க நிக்க வேணாம், முன்னாடி போயிருங்க. மேப்பு கண்மாய்க்குள்ள எறங்கச் சொல்லும், எறங்கிறாதீக. தண்ணி கழுத்தளவு கெடக்கு. மடைகிட்ட கரை மேல ஏறுங்க. ஏறி நேரா. பள்ளிக்கூடம் வந்ததும் சோத்தாங்கைப் பக்கம். வேகத்தட இன்னும் அங்கனயேதான் இருக்கு" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தது போல இருந்தது. சிரிப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

"அண்ணே, அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தேன். அத்தனை வருடத்தில் அவ்வளவுதான் எனக்கு வந்தது.

"அட போங்கண்ணே. நீங்க என்ன தெரிஞ்சா கேட்டீக? பஸ்ஸு வருது, போங்க."

போனேன். மடையருகில் வந்ததும் போன், நூறு மீட்டரில் இடப்பக்கம் இறங்கச் சொன்னது. கோடையில் ஊரே நடக்கும் தடம் அதன் கணக்கில் ரோடு. இடப்பக்கம் கண்மாய் வெள்ளையாகத் தளும்பிக்கொண்டிருந்தது. நான் கரை மேல் ஏறினேன். அவள் மறுபடி மறுபடி திரும்பி வரச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கரை உயரமானது. வண்டிக் கண்ணாடியில் மெயின் ரோடு தெரிந்தது. பஸ் நின்று கிளம்பிப் போனது. நிறுத்தத்தில் இப்போது இரண்டு பேர். அவர் தங்கையின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பையில் என்ன இருந்ததோ. இன்னொரு கையை அவள் தோளில் வைத்தார். இருவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் நடந்து அவள் நின்றாள். அவரும் நின்றார். அதற்குள் கரை வளைந்துவிட்டது.

வீட்டில் பெட்டியை இறக்கினேன், குளிர் ஏறியதைப் பார்த்தேன். வழக்கம்போல நட்சத்திரம் போடப் போனை எடுத்து, போடாமல் வைத்துவிட்டேன். அந்த வீட்டு வழி எனக்கு மறக்காது. திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே அப்போது யாரும் இல்லை. அவர் நின்ற இடத்தில் விரலை வைத்து ஒரு நட்சத்திரம் போட்டேன்.

புது மேப் இறக்கினால் கண்மாய்த் தடம் போய்விடும் என்று முதலாளியம்மா சொல்கிறார். இறக்கட்டும். நட்சத்திரங்கள் அழியாது என்றும் சொன்னார். ரோட்டு மேல் யார் செத்தது என்று அவர் கேட்டதற்கு என் பதில் இதுதான். அங்கே யாரும் சாகவில்லை, அம்மா. அங்கே ஒருவர் நின்றார்.

எழுதி முடித்தது கார்த்திகை ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை.