மாலை போட்டிருந்த நாட்களின் மாத்திரை

மண்டல பூஜை முடிந்த இரண்டாம் நாள் என் டைரியில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான்: "காலை, கடை திறந்ததும். செல்வி. பாதி அட்டை."

அப்போது நான் பழவங்காடியில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். செல்வி பக்கத்துத் தையல் கடையில் வேலை பார்த்தாள். கணவர் கிழக்கேகோட்டையில் ஓட்டல் மாஸ்டர். தென்காசிப் பக்கத்துக்காரர்கள். குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்தது. சிசேரியன். அடுத்த குழந்தைக்கு அவசரப்படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"அக்கா, இதுல தேதி முடிஞ்சிட்டான்னு பாத்துச் சொல்லுங்க."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். தேதி இருந்தது. மாத்திரைகளும் பாதிக்கு மேல் இருந்தன.

"இதென்னட்டி, பாதியில நிக்கி?"

"அவரு மாலை போட்டிருந்தாருல்லா. விரதம். எதுக்கு வீணா முழுங்கணும்னு நிறுத்திட்டேன். நேத்து மலையிறங்கி வந்து மாலையைக் கழட்டிட்டாரு. ராத்திரியே விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சிட்டேன்."

சிக்கனமாகக் குடும்பம் நடத்தியவளின் பெருமை குரலில் இருந்தது.

"ராத்திரி ரெண்டு பேரும் சேந்து இருந்தீங்களா?"

"அதான் மாத்திரை போட்டுட்டேனே" என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

பின்னால் கறுப்பு வேட்டிக்காரர்கள் தைலத்துக்கும் இருமல் மருந்துக்கும் நின்றார்கள். மலையாளியான முதலாளி கல்லாவில் இருந்தபடியே, "சாரதே, சாமிமார் நிக்குந்நுண்டு. வீட்டுக் கதையெல்லாம் பின்னே மதி, கேட்டோ" என்று, பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"இதும் மருந்து காரியம்தான் சார்."

அவளை ஃபிரிட்ஜ் ஓரமாக அழைத்துப் போனேன். "இது தலைவலி மாத்திரை இல்லட்டி, தேவைப்படும்போது முழுங்க. தெனமும் விடாமப் போட்டாத்தான் தடுக்கும். இத்தனை நாள் விட்டுட்டு ஒண்ணே ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆகாது. ஏழு நாள் தொடர்ந்து போடுத வரைக்கும் இதை நம்பக் கூடாது."

சிரிப்பு நின்றது. அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. "தையல் போட்ட எடம் இன்னும் இழுக்குதுக்கா. இப்ப ஒண்ணு தங்குனா நான் என்ன செய்வேன்?"

"ஒரு ராத்திரிதானே ஆச்சு. நேரம் இருக்கு. மாடிக்கு ஓடு."

மாடியில் லேடி டாக்டரின் கிளினிக். சீட்டோடு இறங்கி வந்தாள்: அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று, உடனே, மறுநாளிலிருந்து புது அட்டை, ஏழு நாளைக்கு ஆணுறை, மூன்று வாரம் கழித்து டெஸ்ட். மாத்திரையைக் கடையிலேயே தண்ணீர் வாங்கி விழுங்கினாள். ஆணுறையைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

"இதை அவருட்ட எப்படிக்கா சொல்ல?"

"நாப்பத்தோரு நாள் இருந்த சாமிக்கு இன்னும் ஏழு நாள் பெருசா?"

அப்போதுதான் மறுபடி சிரித்தாள்.

அந்த மூன்று வாரமும் கடையைத் தாண்டும்போதெல்லாம் என்னைப் பார்த்து, மாதவிலக்கு இன்னும் வரவில்லை என்று தலையசைத்துவிட்டுப் போவாள். டெஸ்டில் ஒற்றைக் கோடுதான் வந்தது. அதற்கு மறுநாளே மாதவிலக்கும் வந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு கார்த்திகையிலும், வெளியே கடைகளில் துளசி மாலைகள் தொங்கத் தொடங்கியதும், இந்த அட்டை வாங்கும் பெண்களிடம் கேட்பேன்: "வீட்டுல மாலை போடுதாங்களா?" கணவர் துபாயிலிருந்து லீவில் வந்து போகும் பெண்களிடம் வேறு மாதிரி கேட்பேன். சொல்வது ஒன்றுதான்: பாதியில் நிறுத்தாதே, நிறுத்தினால், திரும்பத் தொடங்குமுன் கேள். முதலில் முகம் சுளித்த முதலாளியே பிற்காலத்தில் கல்லாவிலிருந்து, கேட்டாயா என்று குரல் கொடுப்பார்: "சாரதே, மாலைக் காரியம் சோதிச்சோ?"

டைரிக் குறிப்பின் கீழே பின்னால் ஒரு வரி சேர்த்தேன்: செல்வியைக் காத்தது அன்று காலை விழுங்கிய மாத்திரைதானா, இல்லை அந்த இரவில் எப்படியும் கரு தங்கியிருக்காதா? டாக்டரிடம் கேட்டேன், அதை அறிய வழியில்லை என்றார். அதனால் அந்த வரி இன்னும் கேள்விக்குறியோடுதான் இருக்கிறது.