பரமலிங்கம் கீறிய கோடு

இணுவிலில் வெங்காயத் தோட்டம் செய்த சின்னத்துரையின் பிள்ளைகளுள் இளையவர் பரமலிங்கம். தகப்பன் காலமானபோது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தவர். கயிறு பிடிக்காமலே நேராக வரம்பு கட்டுவார். அந்த ஒரு விடயத்தில் ஊருக்குள் அவருக்குப் பெயர் இருந்தது. மற்றபடி மேசைக்குப் பின்னால் இருப்பவர் எவராயினும், அவர் சொல்வதற்கெல்லாம் "ஓம்" என்று தலையாட்டிவிடுவார். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் படிந்த பழக்கம் அது. தலையாட்டினால் வீடு போய்ச் சேரலாம். திருப்பிக் கேள்வி கேட்டவர்களில் சிலர் போய்ச் சேரவில்லை.

மனைவி மகாதேவிக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, சத்திரசிகிச்சை முடிந்து, கதிர்ச் சிகிச்சை தொடங்கிய நாளிலும் அவர் அப்படியே தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் மகாதேவியின் நெஞ்சிலும் விலாவிலும் ஊதா மையால் கோடுகள் கீறியிருந்தார்கள். அவை அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். விளங்கியதா என்றும் கேட்டார்கள். ஓம் என்றார். ஏன் அழியக்கூடாது என்பது அவருக்கு விளங்கவில்லை. அழியாமல் பார்ப்பது தன் பொறுப்பு என்பது மட்டும் மிக நன்றாக விளங்கியிருந்தது.

சிகிச்சை பாதியில் இருக்கையில், மானிப்பாயில் மகாதேவியின் தமையன் மனைவி காலமானார். போகாமல் இருக்க முடியாத செத்தவீடு. போய் வந்தபின் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கவும் முடியாது. ஞாயிறு மாலை கிணற்றடியில் மகாதேவி வாளி வாளியாக வார்த்துக் குளித்தார். சேலை மாற்றும்போதுதான் குனிந்து நெஞ்சைப் பார்த்தார். விலாவில் ஒரு கீற்று மங்கலாகத் தெரிந்தது. மற்றக் கோடுகள் இல்லை.

நாளைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவோம் என்றார் மகாதேவி. பரமலிங்கம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சொன்ன ஒன்றைக்கூடக் காப்பாற்றாதவர்களுக்கு இங்கே இடமில்லை, கொழும்புக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டால்? அங்கே ஒரு இரவு தங்குவதற்கும் தெரிந்த வீடு இல்லை. வெங்காய மூட்டைகளில் பெயர் எழுதும் மார்க்கர் பேனையை எடுத்துவந்தார். மங்கலாக நின்ற கீற்றைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நினைவில் இருந்தபடி ஒவ்வொரு கோடாக இழுத்தார்.

"இஞ்சேருங்கோ, வெங்காயப் பாத்தியே கட்டிறியள்?" என்றார் மகாதேவி.

பரமலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கோடுகள் நேராகத்தான் வந்திருந்தன. ஆனால் ஆஸ்பத்திரி மை ஊதா; இவருடையது நீலம். அந்த வித்தியாசம் இரவு முழுவதும் அவர் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மகாதேவியைச் சிகிச்சை அறைக்குள் அழைத்துக்கொண்டார்கள். பரமலிங்கம் வெளியே சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அன்றுதான் சிகிச்சை தொடங்கவிருந்த லூர்த்தம்மா என்ற குருநகர்க் கிழவிக்கு, கதிர் இயந்திரத்தை இயக்குபவர்களில் ஒருவரான சிவகௌரி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். விளங்கியதா என்று அவர் கேட்கவில்லை. வேறு விதமாகக் கேட்டார்.

"நான் ஒழுங்காச் சொன்னனோ எண்டு எனக்குத் தெரிய வேணும் அம்மா. இந்தக் கோடு என்னத்துக்கெண்டு நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

"நீ வேலையில்லாமல் கீறினனியெண்டெல்லோ நான் நினைச்சன், பிள்ளை."

சிவகௌரி சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். "மெசினிலையிருந்து வாற கதிர் கண்ணுக்குத் தெரியாது அம்மா. இந்தக் கோட்டை வைச்சுத்தான் மெசினைச் சரிக்கட்டுறம். கோடு ஒரு விரல் தள்ளினாலும் மார்பிலை நோய் இருந்த இடம் தப்பிப் போயிடும். கதிர் இருதயத்திலை போய்ப் படும்."

கோடு நேராக இருக்கிறதா என்றுதான் பரமலிங்கம் நேற்றுப் பார்த்தார். இடம் சரியா என்று பார்க்க அவரிடம் என்ன இருந்தது? நீல நிறத்தை உள்ளே இருப்பவர்கள் கண்டுகொள்ளக்கூடும். காணாமலும் விடக்கூடும். நடையின் முடிவில், மகாதேவி போன அறையின் பருத்த கதவு மெல்ல மூடத் தொடங்கியது. வாயைத் திறந்தால் கொழும்பு. திறக்காவிட்டால் மகாதேவியின் இருதயம்.

எழுந்து நின்றுவிட்டார்.

"பிள்ளை, உள்ளுக்கை போனவ என்ரை மனுசி. அவவின்ரை நெஞ்சிலை இருக்கிறது உங்கடை கோடு இல்லை. நான் கீறினது."

சிவகௌரி எழுந்து உள்ளே ஓடினார். கதவு பாதியில் நின்றது. பிறகு வெகுநேரம் உள்ளேயிருந்து எவரும் வரவில்லை. லூர்த்தம்மா செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கியதைக் கண்டபோது பரமலிங்கத்துக்கு இன்னும் பயம் பிடித்தது.

திரும்பி வந்த சிவகௌரிக்கு மூச்சு வாங்கியது. இயந்திரத்தை இன்னும் இயக்கவில்லை என்றார். புதிதாக அளந்து கோடு போடவேண்டும். அதனால் இன்றைய சிகிச்சை நாளைக்குத் தள்ளிப்போகும். இதற்காக ஒருவரையும் கொழும்புக்கு அனுப்புவதில்லை. இனிமேல் அழிந்தால், அழிந்தபடியே அழைத்துவர வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்து அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"இப்ப நீங்கள் சொல்லுங்கோ ஐயா."

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பரமலிங்கம் அதை விழுங்கினார்.

"அழிஞ்சால் அழிஞ்சபடி கூட்டியாறது. நான் பேனை எடுக்கிறேல்லை."

சிவகௌரி தலையசைத்துவிட்டுத் திரும்பினார். இரண்டடி போயிருக்கமாட்டார், பரமலிங்கம் கூப்பிட்டார்.

"பிள்ளை, வாற சனி செத்தவீட்டின்ரை எட்டாம் நாள், எட்டுச்செலவு. அண்டைக்கும் அவ தலை முழுக வேணும். அதுக்கு என்ன செய்யிறது?"

சிவகௌரி திரும்பி வந்து வாங்கில் அவருக்கு அருகே உட்கார்ந்தார்.