சுவரொட்டியில் மாமாவின் தலை

செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருந்த வீட்டுக்கு நேர் கீழே, பேஸ்மென்டில், வில்னர் என்ற ஹெயிட்டி நாட்டவர் குடியிருந்தார். தையல் தொழிற்சாலையில் துணி வெட்டுவது அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கித்தாரைக் கையில் எடுப்பார். இன்னும் ஐந்தாறு பேர் வந்து கூடுவார்கள். அவர்கள் நாட்டில் ஆடுவதற்கென்றே கொம்பா என்று ஓர் இசை உண்டு, அதைத்தான் வாசிப்பார்கள். எங்கள் குசினித் தரை அதிரும், அலுமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. சத்தம் கேட்டால் கீழே ஆட்கள் சுகமாக இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம் என்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவும் நானும் அம்மாவின் தம்பியும் மட்டக்களப்பிலிருந்து இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்துக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் கழிந்திருந்தது. அப்பா எங்களோடு வரவில்லை. ஊரில் ஒரு காலை ராணுவச் சுற்றிவளைப்பு நடந்தபோது அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்களாம். அதன்பிறகு எங்கள் வீட்டில் 'போயிட்டார்' என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

வில்னரின் சுவரில் அவர்களுடைய இசைக்குழுவின் பெரிய சுவரொட்டி ஒன்று இருந்தது. எல்லோரும் வெள்ளைக் கோட்டுப் போட்டு, வாத்தியங்களை அணைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி நின்றார்கள். ஒருநாள் மாமாவோடு கீழே போனபோது பார்க்கிறேன், பாடகரின் கழுத்துக்கு மேல் வேறொருவரின் தலை இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிப் பசையால் ஒட்டிய தலை. பழைய பாடகர் எங்கே என்று கேட்டேன். "இல் எ பார்த்தி" என்றார் வில்னர், சிரித்துக்கொண்டே. புதுப் பள்ளிக்கூடத்தில் நான் படித்திருந்த கொஞ்சப் பிரெஞ்சுக்கு அது விளங்கியது. போய்விட்டார்.

உடல் அப்படியே நிற்கிறது, ஆள் போய்விட்டார். இதைச் சொல்லிவிட்டு ஒரு மனிதரால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு சக்சபோன்காரரின் தலை மாறியது. அதற்குப் பிறகு கீபோர்ட் வாசித்தவருடையது. பாடகரை நியூயோர்க்கில் பெரிய குழு ஒன்று கூப்பிட்டதும், சக்சபோன்காரருக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்ததும், கீபோர்ட்காரர் வில்னரோடு கோபித்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளித் தனிக் குழு தொடங்கியதும் நான் வளர்ந்தபிறகு கேட்டு அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த ஊரிலும் ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். ஒருநாள் முட்டை வாங்க டெப்பனர் என்ற மூலைக்கடைக்குப் போனால், அந்தக் கீபோர்ட்காரர் பால் பெட்டியும் கையுமாக நின்று எனக்கு "போன்ஜூர்" சொன்னார். நான் முட்டையை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டேன். செத்தவர்கள் பால் வாங்குவார்களா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

அந்த இலையுதிர்காலத்தில் மத்தளக்காரரும் போனார். மாமா ஊரில் இசைக்கோஷ்டியில் தபேலாவும் பொங்கோவும் வாசித்தவர். அவர் மேசையில் தாளம் தட்டுவதைக் கேட்டிருந்த வில்னர் மேலே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். அடுத்த ஞாயிறு சுவரொட்டியில் மாமாவின் தலை ஏறியது. குடிவரவு அலுவலகத்துக்காக எடுத்த படங்களில் மிஞ்சிய ஒன்று. சிரித்துக்கொண்டு மத்தளத்தைத் தழுவிய உடம்பின்மேல், மாமா காவலில் நிற்பவர்போல் விறைத்துப் பார்த்தார்.

"மாமா, அதில உங்கட படம் வேணாம்."

"ஏன் புள்ள, வடிவா இல்லையா?"

"அதில ஒட்டினா நீங்களும் போயிருவீங்க."

மாமா என் தலையைத் தடவினார். "எனக்குப் போறதுக்கு எங்க இடம் இரிக்கு?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து மத்தளச் சத்தம் கேட்கிறதா என்று காவல் காத்தேன்.

பெப்ரவரியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவெங்கும் கார்கள் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஜன்னல்களில் உடம்பை வெளியே நீட்டி ஆண்கள் கொடி பிடித்துக் கத்தினார்கள். உறைபனியில் தொப்பிகூட இல்லாமல் ஒரு கூட்டம் ஓடிவந்தது. கொடியும் கூச்சலும் ஓடுகிற ஆண்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ஊரில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஏற்கெனவே திரைச்சீலைகளை இழுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். "மாமா எங்கம்மா?" என்றேன். இரவு வேலைக்குப் போகிற மாமா அந்நேரம் வீட்டில் இருக்க வேண்டும். அம்மா கீழே கையைக் காட்டினார்.

அம்மா கூப்பிடக் கூப்பிடப் படியிறங்கினேன். கதவு திறந்தே கிடந்தது. ரேடியோ யாருக்கோ பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலி சரிந்து கிடந்தது. மத்தளம் இருந்தது, மாமா இல்லை. ஒருவருமே இல்லை.

மேலே வந்து, "எல்லாரையும் கொண்டு போயிட்டாங்க" என்றேன். அம்மா என்னைத் தன்னோடு இழுத்து என் வாயைப் பொத்தினார்.

வாசலில் பல காலடிகள் கேட்டன. கதவு தட்டப்பட்டது. "அக்கா, நான்தான்" என்றது மாமாவின் குரல்.

மாமாவின் தோளில் கொடியொன்று தொங்கியது. பின்னால் வந்த வில்னர் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி நாற்காலியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தார்.

"அவங்கட நாட்டை ஆண்டவன் குடும்பத்தோட ஓடிட்டானாம் அக்கா. இவங்க எல்லாரும் இனி ஊருக்குப் போகலாம்."

தேநீருக்கு எடுத்த கேத்தல் அம்மாவின் கையில் அப்படியே நின்றது. "நினைச்சவுடனே போகலாமா தம்பி?"

"ஓம்."

"ஒருத்தரும் பிடிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்களாம்."

பனி கரைந்ததும் வில்னர் ஊருக்குப் போனார், இன்னும் இருவர் கூடப் போனார்கள். அவர் கழுத்துக்கு மேலும் ஒரு தலை ஒட்டப்பட்டது. அங்கே நினைத்தது போல் ஒன்றும் நடக்காமல் அவர் திரும்பி வந்தபோது, பழைய ஆள் என்று குழுவில் மிஞ்சியிருந்தவர் மாமா மட்டும்தான். வில்னர் தொடங்கிய குழுவில் வில்னரையே புதிதாகச் சேர்த்துக்கொண்டதும் மாமாதான்.

அதெல்லாம் பிறகு. அன்று அம்மா வில்னரின் முன்னால் தேநீரை வைத்தார். வாழ்த்துச் சொல்லப் பிரெஞ்சில் வேறு சொல் தெரியாததால் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. நான் கதவைத் தட்டினேன்.

"பயப்படாதீங்கம்மா. மாமா வந்திட்டார்தானே."

"ஓம் மகள்" என்றார் உள்ளிருந்து. தண்ணீரை நிறுத்தவில்லை.

அம்மாவுக்கு இன்னும் பயம் தெளியவில்லை என்று நினைத்து, அவர் வெளியே வரும்வரை அந்தக் கதவுக்கு நான் காவல் நின்றேன்.