நெல் மூட்டைக்கு நடுவில் ஒரு குடித்தனம்

கிருமாம்பாக்கத்தில், நான் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண் குடியிருந்த வாடகை அறைக்குள் முதன்முதலாகக் குனிந்து நுழைந்தபோது என் கண்ணில் பட்டவை ஆறு நெல் மூட்டைகள். "இந்தத் தடவை விளைச்சல் பரவாயில்லையா?" என்று அசடு மாதிரி கேட்டுவைத்தேன். அக்கா சிரித்துவிட்டார். "எங்களுதா? வாடகைக்கு வுட்ட வூட்டுக்காரருதுமா. அறுப்பு முடிஞ்சா இங்கதான் அடுக்குவாரு. நாங்க நாலு பேரும் நடுவுல படுத்துக்குவோம்."

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு உட்பட்ட ஊர்களில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது என் வேலை. அதை அறிக்கையாக்கி, குறைந்த வாடகையில் அரசே வீடு கட்டித்தர வேண்டும் என்று கேட்கப்போகிறோம். மற்ற இடங்களில் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றுகொள்வார். "ஒரு கொறையும் இல்லமா" என்ற பதிலோடு திரும்புவேன். அக்கா மட்டும்தான் வாயைத் திறந்தார். கம்பெனியில் பேக்கிங் வேலை முடித்து வந்த அலுப்போடு, கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டே, எலித் தொல்லையிலிருந்து மூட்டைத் தூசியில் சின்னவளுக்கு வரும் இருமல் வரை சொன்னார். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடித்த பிறகும் நான் போனேன், அந்தக் குழம்புக்காகவும் பேச்சுக்காகவும். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அது பெரிய சுகம். அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: "எல்லாத்தையும் எழுதிக்கமா. எம்பேர மட்டும் போடாத."

போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. அதிகாரிகள் வந்திருந்த கூட்டத்தில், கிருமாம்பாக்கத்தில் ஒரு வாடகை அறையில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நான்கு பேர் உறங்குகிறார்கள் என்று வாசித்தேன். அதுவரை செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடகைக்கு விட்ட அறையில் மூட்டை அடுக்குகிறவர் அந்த ஊரில் ஒரே ஒருவர்தான் என்பது படித்த முட்டாளான எனக்குத் தோன்றவே இல்லை. பேச்சு ஊருக்குள் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. மறுவாரம் போனால் கதவு பூட்டியிருந்தது. "ஊரு முன்னால மானத்த வாங்கிட்டாங்கன்னு காலி பண்ண சொல்ட்டாரு. மதகடிப்பட்டு பக்கம் குடி பூட்டாங்க" என்றாள் பக்கத்து அறைப் பெண். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். "வுடுமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் கோரிக்கை பலித்தது. அதே கொம்யூனில், செலியமேட்டில், அரசின் வாடகை வீடுகள் எழும்பின. அப்போது அக்காவே கூப்பிட்டார். குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாமா, வூடு கட்டிட்டாங்களாமே. எங்களுக்கு ஒண்ணு கெடைக்குமா?"

இந்தக் கொம்யூனில் குடியிருந்ததற்குப் பழைய வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றேன்.

"அந்தாளு எங்க போட்டுக் குடுக்கப்போறாரு? நீ எழுதுன புக்குல எங்க வூடு இருக்குதுல்ல, அத்தக் காட்டேன்."

அறிக்கையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீடு ஒதுக்கும் அதிகாரி நல்லவர்தான். பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல அவங்க பேரு எங்கமா இருக்கு?" என்று கேட்டார்.

செலியமேட்டு வீடுகளில் இப்போது ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். வசதி எப்படி என்று கேட்டு எழுத நான்தான் போகிறேன். ஒவ்வொரு கதவும் திறக்கும்போது அக்கா வந்து "வாமா" என்று கூப்பிடமாட்டாரா என்று மனம் ஏங்குகிறது. அந்த அதிகாரி கேட்டதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், மதகடிப்பட்டு பஸ்ஸில் நான் இன்னும் ஏறவில்லை.