சுறா எண்ணெய் பூசிய கடிகாரங்கள்

மதராஸிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி எழுதிய அந்த அஞ்சலட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. "சிறிய காட்டேஜ் கடிகாரங்கள், பழையவை, எத்தனை இருந்தாலும் பார்க்கிறேன். அடுத்த வாரம் பாம்பனுக்கே வருகிறேன்." தபால் முத்திரையில் 195 வரை தெரிகிறது, கடைசி எண் அழிந்துவிட்டது. நான் பாம்பனில் ஆசிரியராகச் சேர்ந்த பிறகு வந்தது என்பதால் 1958 அல்லது 1959 என்று கொள்கிறேன். அட்டை என் அக்காவின் கணவருக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் படித்துச் சொன்னேன். கேட்டு முடித்ததும் மச்சான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மச்சான் சங்கு குளித்தவர். ஆழத்தில் ஒரு காது போனபின் கடலை விட்டுவிட்டு இந்தக் கடிகாரங்களைத் தேடி அலையத் தொடங்கினார். ஒரு சாண் உயரத்தில், கூரை வைத்த குட்டி வீடு போன்ற மரப்பெட்டி. மேல்பாதியில் முட்கள், கீழ்ப்பாதிக் கண்ணாடியில் ரோஜாவோ ஏரியோ வரைந்த படம், அதற்குப் பின்னால் ஊசல். இலங்கையை விட்டு வந்தவர்கள் சுமையைக் குறைக்கத் தனுஷ்கோடித் துறையில் விற்றவை சில. கீழக்கரையில் பழைய வியாபாரக் குடும்பங்களின் மாடியறைகளில் தூசியோடு கிடந்தவை சில. சாதாரணமானவற்றை ரயில்வே அதிகாரிகளுக்கு விற்றுவிடுவார், நல்லவற்றைப் பிரிய மனம் வராது. ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்கமாட்டார். உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலிருக்கும்.

அந்த வருடம் அக்காவுக்கு நெஞ்சில் நோய் முற்றியிருந்தது. இராமநாதபுரத்து டாக்டர் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தாலும் ஊசிமருந்தை வெளியில்தான் வாங்கவேண்டும், மாதக்கணக்கில் நிறுத்தாமல் போடவேண்டும் என்றார். விற்பதற்கு எங்களிடம் வேறொன்றும் இல்லை. கடிகாரங்கள் விலைபோனால் அக்கா பிழைப்பாள், அவ்வளவுதான் கணக்கு.

உப்புக்காற்றில் பெட்டிகள் வெளுத்து, ஓரங்களில் வெடித்திருந்தன. காப்பாற்ற வேண்டிய மரத்துக்கு இந்தக் கரையில் என்ன செய்வார்களோ அதையே மச்சான் செய்தார். வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைத் துணியில் தோய்த்து உள்ளும் புறமும் அழுந்தத் தேய்த்தார். பழைய மெருகு பிசுபிசுத்துத் துணியோடு வந்தது. அழுக்கு என்றுதான் இருவரும் நினைத்தோம். அக்காவுக்கும் அப்போது தினமும் ஒரு கரண்டி சுறா எண்ணெய் கொடுத்துவந்தோம். பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

"எனக்கு ஊத்துறதத்தான் இதுகளுக்கும் பூசுறீகளாக்கும்?"

"ரெண்டும் நல்லாகட்டும்டி."

"எது மொதல்ல எந்திரிச்சு ஓடுதுன்னு பாப்பம். ஏலே தம்பி, நீதான் சாட்சி."

மதராஸ்காரர் சொன்னபடி வந்தார். கெட்டவர் இல்லை, அக்கா இருமியதைக் கேட்டு, முதலில் அவளைப் பற்றித்தான் விசாரித்தார். பிறகு முதல் கடிகாரத்தின் கதவைத் திறந்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்தார், அடுத்ததைத் திறந்தார். உள்ளே ஒட்டியிருந்த, செய்தவர் பெயர் அச்சிட்ட காகிதம் எண்ணெய் குடித்து, எழுத்தெல்லாம் கலங்கிக் கிடந்தது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீர்?"

"பழசாச்சேன்னு பத்திரமா எண்ணெ போட்டேன்யா. நேத்துச் செஞ்ச மாதிரி இல்ல?"

"அதான்யா கேடு. அந்தப் பழைய மெருகுக்கும் காகிதத்துக்கும்தானே வெலை?"

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தார். ஒன்றாவது தப்பியிருக்காதா என்று அவரும் தேடினார் என்றே நினைக்கிறேன். மச்சான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒன்றும் தப்பவில்லை.

அவர் போனபின் மச்சான் சீயக்காய்த் தூளும் சாம்பலும் கொண்டு தேய்த்தார். வாடை போகவில்லை, கண்ணாடியில் இருந்த பூக்கள் போயின. நிறுத்துங்கள் என்று நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மறுபடி தேய்த்தார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. கடைசியில் அக்காதான் பேசினாள். "மதுரையில மூக்கடச்ச சனம் ஒண்ணுமா இல்லாமப் போகும்? கூடையில அடுக்குங்க, போவம்." அவளுக்கு விலை போகும் என்ற நம்பிக்கை துளியும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கைகளைத் தேய்ப்பதிலிருந்து நிறுத்தவேண்டும், அதற்காகத்தான் சொன்னாள்.

இரண்டு கூடைகளோடு பகல் வண்டியில் கிளம்பினார்கள். அக்காவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் பாம்பனில் தங்கினேன். வாடை பொறுக்காமல் வண்டியில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டதாகவும், அதனால் அக்காவுக்குப் படுக்க இடம் கிடைத்ததாகவும் மச்சான் பின்னால் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மதுரையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கூடைகள் வண்டியோடு போயின.

வழியிலேயே உயிர் போயிருந்தது. செய்தி கிடைத்து நானும் போய்ச் சேர்ந்தபின் அக்காவை மதுரையிலேயே அடக்கம் செய்தோம். கல்லறைப் பதிவில் இறந்த இடம் என்ற பத்தி வெறுமையாக இருக்கிறது. வண்டி நின்ற பரமக்குடிக்கும் மானாமதுரைக்கும் எழுதிக் கேட்டேன். இரண்டு ஊரிலும் பதிவு இல்லை. மானாமதுரை நிலையத்தில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு மடக்குக் குடித்தாள் என்று மச்சான் ஒருமுறை சொன்னார். வாங்கிக்கொண்டு திரும்பியபோது வாய் திறக்கவில்லை என்று இன்னொருமுறை சொன்னார். மூன்றாம் முறை கேட்க எனக்குத் துணிவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை. அந்தத் தண்ணீரை அக்கா குடித்தாளா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.