சத்தமில்லாத பம்பு

தாய்ப்பால் எடுக்கும் பம்பை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வியை வைத்தே அவர்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவேன். வலிக்குமா என்று கேட்டால் முதல் பிள்ளை. இதற்கு முன் யார் யார் பயன்படுத்தினார்கள் என்று மூக்கைச் சுளித்தால் மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வேறு நிறத்தில் இல்லையா என்று கேட்கிறவர்கள் மீது எனக்கு எரிச்சல்தான் வரும். வீட்டுச் சுவருக்குப் பொருத்தமாகவா பால் கறக்கப்போகிறார்கள்? ரெவூட்சா என்ற எங்கள் சின்ன ஊரில், குழந்தை மருத்துவரின் அறைக்குப் பக்கத்து அறையில் இந்தத் தொழிலைத் தொடங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. யர்மிலா கேட்டதை மட்டும் அவளுக்கு முன்னாலும் யாரும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"எதுல அக்கா சத்தமே வராது?"

குளிர்காலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். முப்பத்தெட்டு வயதில் பெற்ற முதல் பிள்ளை, காஷ்பர், அவள் கோட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். தொப்பி மட்டும் வெளியே தெரிந்தது.

"பெரியது ஒண்ணு இருக்கு. நல்லா இழுக்கும். ஆஸ்பத்திரியில வெச்சிருக்கிற மாதிரி," என்றேன்.

"போட்டுக் காட்டுங்க."

போட்டேன். அது பழைய தையல் மெஷின் போலச் சத்தம் போட்டது. யர்மிலா முகத்தைச் சுருக்கினாள். இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவது, கைக்குள் அடங்குகிற சின்னது. அதைப் போட்டதும் என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவள் பிள்ளையோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள்.

"இதுதான். இதைக் குடுங்க."

"ஏண்டி, பால் எடுக்கப் போறியா, திருடப் போறியா?"

அவள் சிரித்தாள். பிறகு கோட்டோடு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

கணவன் ருடோ கூரை வேலை செய்கிறவன். பனி உருகும் சமயத்தில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. நடக்கிறான், ஆனால் குனிந்து எதையும் தூக்க முடியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் பார்த்த வேலை, பிள்ளைகள் குறைந்து பள்ளியே மூடியபோது போய்விட்டது. அதன் பிறகு ஊரில் பாதிப் பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஆஸ்திரியாவில் ஒரு வீட்டில் எர்ணா என்ற கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. அவள் திரும்பும்போது அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி போய் அதே அறையில், அதே கட்டிலில் படுப்பாள். பிரசவத்துக்காக அவள் இடத்தை இதுவரை காப்பாற்றிக் கொடுத்த அந்த இன்னொருத்தி இப்போது, நீ வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டாள்.

"வேலைக்கு அனுப்புற ஏஜென்சியில என்ன சொல்லியிருக்கே?"

"பால் மறக்கடிச்சாச்சுன்னு. இன்னும் பால் குடுக்கிறேன்னு தெரிஞ்சா அனுப்ப மாட்டாங்க. எர்ணாவுக்கு மெஷின் சத்தம் கேட்டாலே பயம், அக்கா. மிக்ஸி போட்டாக்கூட யாரோ கதவை உடைக்கிறாங்கன்னு கத்தும். என் ரூமும் அதோட ரூமும் ஒட்டி இருக்கு. நடுவுல கதவை மூடக் கூடாது."

சின்ன பம்பை நம்பிப் போகாதே, பால் வற்றிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். புட்டிப்பாலில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் குட்டிச்சுவராகவா போய்விட்டன, இந்தப் பாடு எதற்கு என்றும் கேட்டேன். நான் வாடகைக்குக் கொடுப்பவள், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"பசிக்கு ஆயிரம் பால் டப்பா இருக்கு," என்றாள். "நான் திரும்பி வரும்போது அவன் என்கிட்ட வரணும். அதுக்கு அவனுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. சின்ன பம்பைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். மெஷின் மட்டும் பாலைக் கொண்டுவராது, மனசு பிள்ளை மேல் இருக்கவேண்டும், அவன் வாசனை உள்ள துணி ஏதாவது எடுத்துப் போ என்று சொல்லி அனுப்பினேன். அவன் தலையில் இருந்த தொப்பியையே எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் தடவை போய் இறங்கிய சில நாட்கள் தொப்பியை முகர்ந்து முகர்ந்து நன்றாகவே எடுத்தாள். எர்ணாவின் ஃப்ரீஸரில், திராட்சையும் கீரையும் இருந்த பெட்டிகளுக்கு அடியில் தன் பால் பைகளை ஒளித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எர்ணாவின் மகள் வந்தாள். சுத்தக்காரி. கிடந்ததை எல்லாம் வாரி மெஷினில் போட்டவள் தலையணைக்கு அடியில் இருந்த தொப்பியையும் சேர்த்துத் துவைத்துவிட்டாள். சோப்பு வாசனையோடு திரும்பி வந்த தொப்பியை முகர்ந்து பார்த்து, யர்மிலா எனக்குப் போன் செய்து அழுதாள்.

"பாலே இறங்க மாட்டேங்குது. கல்லாக் கட்டிக்கிச்சு. அவன் வாசனை எல்லாம் போயிருச்சு அக்கா."

வெந்நீர் ஒத்தடம் கொடு, வீட்டுக்குப் பேசு என்று சொன்னேன். அவள் வீட்டுக்குப் பேசியபோது ருடோ பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தானாம். காஷ்பர் போன் திரையில் வீறிட்டு அழுதான். அந்த அழுகை காதில் விழுந்ததும் அவளுக்குப் பால் தானாக இறங்கிச் சட்டை நனைந்துவிட்டது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகையைப் பதிந்து அனுப்பச் சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பம்பைப் பொருத்திக்கொண்டு, காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு, மகன் அழுவதைக் கேட்டபடியே பால் எடுத்தாள். அடுத்த அறையில் எர்ணா குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அவள் காதுக்குள் மட்டும் பிள்ளை கதறுவான். பாவி, இப்படியும் ஒரு வழி கண்டுபிடித்தாயே என்று நினைத்தேன்.

முதல் தடவை திரும்பி வந்தபோது காஷ்பர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டான், பிறகு வந்து குடித்தான். யர்மிலா வெற்றிக் களிப்பில் எனக்குக் கசகசா கேக் கொண்டுவந்து கொடுத்தாள். உறைந்த பால் பைகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். அடுத்த முறை அவள் போயிருக்கையில் ருடோ அதைத்தான் சுடவைத்துக் கொடுத்தான்.

அந்த இரண்டாவது தடவையில்தான் சிக்கல் வந்தது. பதிந்த அழுகை பழகிப்போய்விட்டது. எந்த இடத்தில் மூச்சு வாங்குவான், எந்த இடத்தில் விக்குவான் என்று அவளுக்கு மனப்பாடம். உடம்பு அதற்கு ஏமாற மறுத்துவிட்டது. புதிதாக ஒன்று அனுப்பு என்று ருடோவைக் கேட்டாள். ருடோ அனுப்பியதெல்லாம் சிரிப்பு. காஷ்பர் கரண்டியைப் பார்த்துச் சிரிக்கிறான். காஷ்பர் அப்பாவின் மூக்கைப் பிடித்துச் சிரிக்கிறான்.

"சிரிப்பு வேண்டாம் ருடோ. அழறப்போ எடு."

"அழவே மாட்டேங்கிறானே, நான் என்ன பண்ண?"

"கொஞ்சம் விட்டுப் பாரேன். பால் புட்டிய ஒரு நிமிஷம் கழிச்சுக் குடு."

"அவனை அழ விட்டு நின்னு படம் புடிக்கச் சொல்றியா? உனக்குப் பைத்தியமா? என்னால முடியாது."

இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இருவருமே தனித்தனியாக எனக்குப் போன் செய்து நியாயம் கேட்டார்கள். நான் என்ன தீர்ப்புச் சொல்வது? அவன் சொன்னதும் சரி, அவள் கேட்டதும் சரி. முதுகு வளையாத அந்த மனிதன் பிள்ளையைத் தூக்கி உலாத்த முடியாமல், தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்து, மார்பின் மேல் போட்டுக்கொள்ளக் கற்றிருந்தான். காஷ்பர் அப்படியே கிடப்பான். அப்பாவின் மூச்சு ஏறி இறங்க அவனும் ஏறி இறங்குவான். அழ அவனுக்கு ஒரு குறையும் இல்லை. இதில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

அந்த முறை திரும்பி வந்தபோது, காஷ்பர் அரைத் தூக்கத்தில் இருந்தால் மட்டும் குடித்தான். விழித்துப் பார்த்தால் திரும்பிக்கொண்டான். யர்மிலா அவன் தூங்கும் வரை காத்திருந்து, திருட்டுத்தனமாகக் கொடுத்தாள். இதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கத்தான் பார்த்தாள்.

மூன்றாவது தடவை போனவள் பாதியில் போன் செய்தாள்.

"புட்டி அடியில ரெண்டு சொட்டுதான் நிக்குது அக்கா. அவன் அழறது சிரிக்கிறது எதைப் போட்டுக் கேட்டாலும் வரல. நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்."

"சரி, அழாதே. நீ வர்ற சனிக்கிழமை நான் பெரியதைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கே வரேன். வீட்ல இருக்கிற நாள்ல அதைப் போட்டு மீட்டுடலாம். அங்கதான் சத்தம் ஆகாது, இங்க யாருக்குப் பயம்?"

வாக்குக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை அந்தப் பெரிய பம்பைச் சுமந்து, லிஃப்ட் வேலை செய்யாத அவர்கள் கட்டிடத்தில் மூச்சு வாங்க ஏறினேன். ருடோ கதவைத் திறந்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க அக்கா, என்னால வாங்கிக்க முடியாது," என்று என் கைச்சுமையைப் பார்த்துச் சங்கடப்பட்டான். முட்டைக்கோஸ் சூப் வைத்திருந்தான். காஷ்பர் பாயில் உட்கார்ந்து மரக் கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். கன்னம் புஷ்டியாக, ராஜா மாதிரி இருந்தான்.

ஆஸ்திரியாவிலிருந்து பெண்களை ஏற்றிவரும் வேன் கீழே வந்து நின்றது. யர்மிலா படிகளில் ஓடித்தான் ஏறியிருக்க வேண்டும், கதவைத் திறந்தபோது பேச முடியவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், ருடோவின் தலையைத் தொட்டாள், நேராகப் பாய்க்குப் போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். அவள் கோட்டில் கற்பூரத் தைல வாசனை அடித்தது. காலையில் கிளம்பும் முன் எர்ணாவின் முழங்காலுக்குத் தேய்த்துவிட்டது.

காஷ்பர் அவளைப் பார்த்தான். நன்றாக, நிதானமாகப் பார்த்தான். அவன் கீழுதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டான்.

"அம்மாடா. அம்மாடா கண்ணா, நான்தான்டா."

அவள் கோட்டைக் கழற்றி எறிந்தாள். அவனை மார்போடு சேர்த்தாள். அவன் வில்லாக வளைந்து பின்னுக்குச் சாய்ந்து, அப்பா இருந்த பக்கம் இரண்டு கையையும் நீட்டிக் கதறினான். அவன் அப்படி அழுது நானும் கேட்டதில்லை, ருடோவும் கேட்டதில்லை. அந்த அழுகைக்கு யர்மிலாவுக்குப் பால் இறங்கிவிட்டது. சாம்பல் நிறச் சட்டையில் இரண்டு பக்கமும் ஈரம் படர்ந்து வயிறு வரை வழிந்தது. எத்தனை நாள் அந்நிய வீட்டில் கெஞ்சியும் வராத பால் அது. இப்போது அவள் கையில் இருந்த பிள்ளை அவளைக் கண்டு பயந்து அழ, அதற்குச் சுரந்தது. அவன் ஒரு சொட்டும் தொடவில்லை.

ருடோ சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கிப் படுத்தான். யர்மிலா பிள்ளையை அவன் மார்பில் வைத்தாள். அப்போதும் காஷ்பர் நிறுத்தவில்லை, அவ்வளவு பயந்திருந்தான்.

"அக்கா, அதை எடுங்க. சீக்கிரம்," என்றாள்.

சமையலறை மேசையில், சூப்புப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டுப் பெரிய பம்பை வைத்தேன். அவளே பொருத்திக்கொண்டாள். மெஷின் தடதடவென்று ஓட, புட்டியில் பால் பீய்ச்சிக்கொண்டு விழுந்தது. உள்ளே இருந்து அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், கன்னம் நனைந்துகொண்டிருந்தது.

"யர்மிலா," என்று ருடோ பாயிலிருந்து கூப்பிட்டான். "அழ விடட்டுமா? கொஞ்ச நேரம்? நான் சும்மா இருக்கட்டுமா?"

முடியவே முடியாது என்று சண்டை போட்டவன் அவன். நான் யர்மிலாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள், சரி என்று சொல்லேன், புட்டி நிறையட்டுமே என்றுகூட இருந்தது. அவ்வளவு நல்ல ஓட்டம்.

"வேண்டாம்," என்றாள். "தட்டிக் குடு. பாவம், பயந்துட்டான்."

ருடோ என்னவோ முனகிப் பாடினான். அழுகை விக்கலாகி, விக்கல் தேய்ந்து நின்றது. புட்டியில் விழுந்த பாலும் மெலிந்து, சொட்டி, நின்றது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கை நீட்டி அதை நிறுத்தினேன்.

யர்மிலா சட்டையை இழுத்து மூடிக்கொண்டு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. மூடியைத் திருகினாள்.

"அவனுக்கு நீங்க கொண்டுபோய்க் குடுங்க, அக்கா," என்றாள். "நான் குடுத்தா குடிக்க மாட்டான்."

நான் எடுத்துக்கொண்டு போனேன். ருடோ படுத்தபடியே வாங்கிப் பிள்ளையின் வாயில் வைத்தான். காஷ்பர் அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தான். யர்மிலா கதவுக்குப் பின்னால், அவன் கண்ணில் படாத இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.