அக்கா தவறாக மொழிபெயர்த்த ஒரு சொல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அவரைத் தமிழாசிரியையாக அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

பனமலைக்கு அருகே, சொந்த நிலம் இல்லாத குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பறிக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். அக்கா விடுதியில் தங்கிப் படித்து, திண்டிவனத்தில் ஆசிரியை ஆனார். அப்பா இறந்தபின் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தவர் அவர்தான். அந்தப் படிப்பால் பெங்களூரில் விமான உதிரிபாகப் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது.

பள்ளி வேலையோடு, அரசுத் தேர்வு நடத்தும் ஓர் அலுவலகத்துக்காகத் தேர்வுத்தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியும் வந்தார். தமிழில் படித்தவர்கள் தமிழிலேயே தேர்வு எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒருநாள் மதியம் என்னை அழைத்து, "அன்ஹெட்ரல்னா என்னடா?" என்று கேட்டார்.

"நுனி கீழ் பக்கமா சாஞ்சிருக்கும்க்கா. அந்தக் கோணம்" என்றேன்.

எதற்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. தேர்வுத்தாள் என்பதால் அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வெளியே கேட்டதே விதிமீறல்தான்.

தேர்வு முடிந்த வாரம், கண்டாச்சிபுரத்திலிருந்து மல்லிகா என்ற பெண் அக்காவைப் பார்க்க வந்தார். அக்காவிடம் படித்தவர். கல்குவாரி எடைமேடையில் வேலை பார்த்துக்கொண்டே நிலவியல் உதவியாளர் தேர்வு எழுதியிருந்தார். கையில் கேள்வித்தாள்.

"டீச்சர், 'கீழ்ச்சாய்வுப் படிகத்தின் இயல்பு எது'ன்னு கேட்டிருக்காங்க. கல்லு எப்படி டீச்சர் கீழ சாயும்? இதையே நெனைச்சிக்கினு இருந்துட்டேன். கடைசி நாலு கேள்வி எழுதவே இல்ல."

அது தன்னுடைய வாக்கியம் என்று அக்கா அவரிடம் அப்போது சொல்லவில்லை. அவரை அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"நீ சொன்னது எதைப் பத்திடா?"

"ப்ளேன் றெக்கையப் பத்திக்கா."

"நீயும் கேக்கல, நானும் சொல்லல. நான்தான் விசாரிச்சிருக்கணும்" என்றார்.

கனிமங்களைப் பற்றிப் பேசும்போது அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் வேறு என்பதை மறுநாள் ஒரு நிலவியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சுற்றிலும் வேறு படிகங்கள் நெருக்குவதால், தனக்கென ஒரு சீரான பக்கமும் அமையாமல் வளர்ந்த படிகம் அது. சாய்வுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. அக்கா தானாகவே எழுதி எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். விடுப்பு எடுத்து நானும் உடன் போனேன். கடிதத்தைப் படித்த அதிகாரி, "இந்த அர்த்தத்த யாரு உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

"அது வேணாங்க சார். சரிபார்க்காம எழுதினது நான்."

"இவரு யாரு?"

"என் தம்பி. துணைக்கு வந்திருக்கான்."

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. திரும்பும் பேருந்தில், "நானே சொல்லிடறேன்க்கா" என்றேன். "கேள்வித்தாள் வெளிய போச்சுன்னு கேசாச்சுன்னா உன் வேலைக்குச் சிக்கல் வரும். சும்மா இரு" என்றார். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

தமிழில் எழுதிய எல்லோருக்கும் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். அக்காவுக்கு அதன்பின் மொழிபெயர்ப்பு வேலை தரவில்லை. மல்லிகாவைத் தேடிப்போய் அக்கா உண்மையைச் சொன்னார். அந்த மதிப்பெண்ணால் மல்லிகாவுக்கு வேலை கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. அவர் சில மாதங்கள் அக்காவோடு பேசவும் இல்லை. அடுத்த தேர்வில் தேர்ச்சி பெற்றதும் முதலில் அக்காவுக்குத்தான் தகவல் சொன்னார்.

அக்காவுக்குக் கடைசி ஒன்றரை ஆண்டு சிறுநீரகக் கோளாறு. வாரம் இருமுறை விழுப்புரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டார். முடியும் மட்டும் பள்ளிக்கும் போனார். ஒருநாள் காலை, காப்பி கேட்டவர், கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் அழைத்துப் போய், முடியும்வரை காத்திருந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த உடன் ஆசிரியைகளுக்கும், நான் பெங்களூரில் இருந்த நாள்களில் மருத்துவமனையில் உடனிருந்த மல்லிகாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று அந்தத் தாளைத் தமிழில் எழுதியவர்கள் இன்னும் பலர். ஒரு மதிப்பெண் திரும்பக் கிடைத்தாலும், அந்தக் கேள்வியில் அவர்கள் இழந்த நேரம் கிடைக்கவில்லை. தவறான பொருளைச் சொன்னவன் நான். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த மலர் அவர்கள் கைக்குப் போகாது என்று தெரியும். ஆனாலும் அச்சில் இருக்கட்டும்.

— தம்பி